சக்கரமும் சாலையும் – 14: மூச்சுத் திணறாத குதிரை

வண்டிக் குதிரையின் உடம்பில் கிடக்கும் வார்களும் வளையங்களும் பார்வைக்குப் பெரும் சிக்கலாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. தலையில் கடிவாளம். அதன் இரும்புத்துண்டு வாய்க்குள் கிடக்கும். அதிலிருந்து புறப்படும் நீண்ட வார்கள் ஓட்டுபவரின் கைக்குப் போகும். பக்கவாட்டில் மிரளாதிருக்கக் கண்பட்டை. கழுத்தடியில், இரண்டு தோள்களிலும் படிந்து உட்காரும்படி, வைக்கோலோ மயிரோ திணித்த தோல்வளையம். அந்த வளையத்தை இருபுறமும் அணைத்தபடி மரத்தாலோ இரும்பாலோ ஆன இரண்டு வளைகட்டைகள். வளைகட்டைகளிலிருந்து குதிரையின் விலாவை ஒட்டிப் பின்னோக்கிச் செல்லும் இழுவார்கள். அவை போய்ச் சேருமிடத்தில், நடுவில் மட்டும் முளையடித்துப் பொருத்திய ஒரு குறுக்குக்கட்டை. குதிரை இடத்தோளை வைக்கும்போது ஒரு பக்கமும் வலத்தோளை வைக்கும்போது மறுபக்கமும் அது ஆடிக்கொடுக்கும். முதுகில் வண்டித்தண்டின் பாரத்தைத் தாங்கும் திண்டு, அதைப் பிடித்து நிறுத்த அடிவயிற்று வார், திண்டு முன்னால் சரியாமல் இருக்க வாலடியில் சுற்றி வரும் வால்வார். கடைசியாகப் பின்தொடைகளைச் சுற்றி ஒரு அகலமான பின்வார். இழுப்பது, தடுப்பது, தாங்குவது, திருப்புவது என்று நான்கே வேலைகள். அவற்றைப் பகிர்ந்துகொள்ளத்தான் இத்தனை உறுப்புகள்.

இந்தக் கூட்டத்திலிருந்து தோள்வளையத்தை மட்டும் தனியே எடுத்து, அதன் தலையில் ஒரு நாகரிகத்தின் ஏற்றத்தையே சுமத்திய கோட்பாடு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. ரிஷார் லெஃபெவ்ர் தெ நோயெத் என்ற பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி ஓய்வுக்குப் பிறகு பழங்காலச் சிற்பங்களையும் ஜாடி ஓவியங்களையும் ஆராயத் தொடங்கினார். கிரேக்க, ரோமானியப் படங்களில் குதிரையின் தொண்டையைச் சுற்றி ஒரு வாரும் வயிற்றைச் சுற்றி ஒரு வாரும் இருப்பதைக் கண்டார். குதிரை முன்னே உந்தும்போது தொண்டைவார் மூச்சுக்குழலை அழுத்தியிருக்கும், ஆகவே பழங்காலக் குதிரையால் அதன் முழு வலிமையைச் செலுத்த முடிந்திருக்காது என்று முடிவுகட்டினார். 1910இல் பாரிசில் தாம் கணித்தபடி ஒரு பூட்டுமுறையை அமைத்துக் குதிரைகளைக் கட்டிச் சோதித்தும் பார்த்தார். ஒரு ஜோடிக் குதிரையால் சுமார் 500 கிலோவுக்கு மேல் இழுக்க முடியவில்லை என்றார். தியடோசியச் சட்டத்தொகுப்பிலும் ரோமப் பேரரசின் அரசு வண்டிகளுக்கு உச்ச எடையாக 1,500 ரோமானிய ராத்தல், அதாவது 490 கிலோ என்று எழுதியிருந்தது. சோதனையும் சட்டமும் ஒரே எண்ணைச் சொன்னதும் கோட்பாடு கல்வெட்டாகிவிட்டது. 1931இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் துணைத்தலைப்பு அதை அடிமைமுறையின் வரலாற்றுக்கான பங்களிப்பு என்றே குறிப்பிடுகிறது. விலங்கின் வலிமை கைக்கு வராததால் மனிதரை அடிமையாக்கினார்கள், வளையம் வந்ததும் அந்தத் தேவை ஒழிந்தது என்பதே அவர் வாதம்.

அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. வண்டியைப் பூட்டும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு, அது அரசர்களின் வரலாற்றுக்கு இளைத்ததில்லை என்று வரலாற்றாசிரியர்களை உணரவைத்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் 1962இல் லின் ஒயிட் இடைக்கால ஐரோப்பாவின் வேளாண்மை எழுச்சியை விளக்கவும், 1965இல் ஜோசப் நீடம் சீனத் தொழில்நுட்ப வரலாற்றின் இயந்திரப் பொறியியல் பகுதியிலும் அவருடைய அடித்தளத்தின்மேல்தான் கட்டினார்கள். ஆனால் அந்த அடித்தளமே பிழையானது என்பதுதான் இந்த இதழில் நான் நிறுவ விரும்புவது. பழங்காலக் குதிரை மூச்சுத் திணறவில்லை. அது இழுத்த பாரம் சிறிதாக இருந்ததற்குக் காரணம் கழுத்தில் இல்லை. சாலையிலும் வண்டியிலும், என்ன பாரம் ஏற்ற வேண்டியிருந்தது என்பதிலும் இருந்தது. தோள்வளையம் பிறகு வென்றபோதும் தனியாக வெல்லவில்லை, மற்ற உறுப்புகளோடு சேர்ந்துதான் வென்றது.

முதலில் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1970களில் ழான் ஸ்ப்ருயித் என்ற பிரெஞ்சுக்காரர், குதிரைகளை வளர்த்து ஓட்டிப் பழகியவர், பழைய வண்டிகளையும் பூட்டுகளையும் தம் கையாலேயே செய்து பார்த்தார். 1977இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: லெஃபெவ்ர் சோதித்தது எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு பூட்டுமுறை. பழங்காலத்தில் இரண்டு தனித்தனி முறைகள் இருந்தன. எகிப்திலும் மேற்காசியாவிலும் நுகம் கழுத்தின் அடிப்பகுதியில் வரும். அதிலிருந்து கவட்டை வடிவக் கட்டைகள் இரண்டு தோள்களின் முன்விளிம்பில் இறங்கி உட்காரும். இழுப்பு அந்தக் கவட்டையின் கால்களில் விழுந்தது. தொண்டைவார் கவட்டை கழன்றுபோகாமல் பிடித்தது, அவ்வளவே. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் ஆறு தேர்கள் கிடைத்தன, அவற்றோடு இந்தக் கவட்டைகளும் கிடைத்தன. ஆகவே இது படத்தைப் பார்த்துச் செய்த ஊகம் மட்டுமல்ல. கிரேக்க, ரோமானிய உலகில் பரவலாக இருந்த மற்றொரு முறையில் நுகம் முதுகின்மேல் பின்தள்ளி வரும். இழுப்பு மார்பின் குறுக்கே போகும் வாரில் விழும். அந்த வார் மேலேறித் தொண்டைக்கு வராதபடி கீழிருந்து பிடித்துக் கட்டியிருக்கும். லெஃபெவ்ர் முதல் முறையின் தொண்டைவாரையும் இரண்டாம் முறையின் வயிற்றுவாரையும் ஒன்றாக இணைத்துவிட்டார். ஸ்ப்ருயித் இரண்டையும் பிரித்துப் பூட்டியபோது அவருடைய ஜோடிக் குதிரைகள் ஏறத்தாழ ஒரு டன் பாரத்தைத் தடுமாற்றமின்றி இழுத்தன. பழங்கால வண்டிகளை ஆராய்ந்த மேரி லிட்டாவர் ஸ்ப்ருயித்தின் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். துறையின் கருத்து அதன் பிறகு மெல்லத் திரும்பியது.

சீனத்திலும் இதற்கு ஒரு சான்று மண்ணுக்குள் இருந்தது. 1980இல் முதல் சின் பேரரசரின் கல்லறை அருகே தோண்டியெடுத்த இரண்டு வெண்கலத் தேர்கள், உண்மையான தேர்களின் பாதி அளவில், வார்களின் முடிச்சு உட்பட எல்லாவற்றையும் உலோகத்தில் வடித்து வைத்திருக்கின்றன. நான்கு குதிரைகளில் உள்ளே நிற்கும் இரண்டும் நுகத்தில் தொங்கும் கவட்டைகளைத் தோளில் தாங்கி, அவற்றிலிருந்து பின்னால் போகும் வார்களால் இழுக்கின்றன; வெளிக்குதிரைகள் இரண்டும் தத்தம் வாரால் இழுக்கின்றன. ஓவியத்தில் எது வார், எது அலங்காரம் என்று சந்தேகப்படலாம். வெண்கலத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தோளில்தான் பாரம் விழுந்தது.

ரோமச் சட்டம் சொன்ன எண் பற்றிய எதிர்ப்பு இன்னும் வலுவானது, அதை விரிவாகவே பார்க்க வேண்டும். சோதனை தவறென்றே வைத்துக்கொள்வோம், 490 கிலோ என்று அரசு வரம்பு போட்டதே, அது எதைக் காட்டுகிறது என்று ஒருவர் கேட்கலாம். சட்டத்தை முழுக்கப் படித்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. கி.பி. 357ஆம் ஆண்டின் ஆணை, அரசு அஞ்சல் போக்குவரத்தின் நான்கு சக்கர வண்டிக்கு 1,000 ராத்தல் வரம்பு விதிக்கிறது. அதே ஆணை அந்த வண்டிக்குக் கோடையில் 8 கோவேறு கழுதைகளையும் குளிர்காலத்தில் 10 கோவேறு கழுதைகளையும் பூட்டச் சொல்கிறது. 1,000 ராத்தல் என்பது சுமார் 327 கிலோ. எட்டு விலங்குகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 41 கிலோ. முதுகில் சுமக்கும் ஒரு கழுதையே இதைவிடக் கூடுதலாகச் சுமந்துகொண்டு மலையேறும். இருசக்கர வண்டிக்கு 200 ராத்தல் வரம்பு, 3 கோவேறு கழுதைகள்; தலைக்கு 22 கிலோ. வண்டியின் எடையையும் பயணிகளின் எடையையும் சேர்த்துக்கொண்டாலும் முடிவு மாறாது. எந்த மோசமான பூட்டும் ஒரு விலங்கின் வலிமையை இந்த அளவுக்குக் குறைத்திருக்க முடியாது. இந்த எண்கள் விலங்கு எவ்வளவு இழுக்கும் என்ற அளவீடே இல்லை. அஞ்சல் வேகமாகப் போக வேண்டும், சாலை பழுதாகக் கூடாது, அரசின் விலங்குகளை அதிகாரிகள் தம் சொந்தச் சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிர்வாக நோக்கமே அவற்றில் தெரிகிறது. மேலும் 1,500 ராத்தல் என்ற உச்ச வரம்பு மாடுகள் இழுத்த மெதுவான சரக்குப் பிரிவுக்கு உரியது. மாட்டின் திமிலுக்கு முன்னால் உட்காரும் நுகம் மூச்சை நெரிப்பதாக லெஃபெவ்ரும் சொன்னதில்லை. நெரிக்காத விலங்குக்கே அந்த வரம்பு இருந்ததென்றால், நெரிப்பு அந்த வரம்பின் காரணமாக இருக்க வழியில்லை.

அரசு வரம்பை ஒதுக்கிவிட்டு, வேலைக்கு ஏற்ப ஏற்பாடு செய்தபோது பழங்கால மக்கள் எவ்வளவு இழுத்தார்கள் என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். ஏதென்சுக்கு அருகே பெண்டலிக் மலையிலிருந்து எலூசிஸ் கோயிலுக்குத் தூண்களின் கல் உருளைகளைக் கொண்டுபோன கணக்கு கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. பல டன் எடையுள்ள ஒவ்வொரு உருளைக்கும் பத்துக்கணக்கான ஜோடி மாடுகளைக் கட்டி மூன்று நாளில் கொண்டுசேர்த்தார்கள். பளுவான சரக்குப் போக்குவரத்து பழங்காலத்துக்குத் தெரியாதது இல்லை. அதற்கு மாட்டைப் பயன்படுத்தினார்கள், விரைவுக்குக் குதிரையையும் கோவேறு கழுதையையும் பயன்படுத்தினார்கள். குதிரைக்கு நல்ல தீனி வேண்டும், விலை அதிகம், சீக்கிரம் நோய்ப்படும். பாறை இழுக்க அதைக் கட்டாதது வேலைப் பிரிவினை. இயலாமையின் அடையாளமாக அதைப் படிக்கத் தேவையில்லை.

இங்கே சாதாரண இயற்பியல் உதவிக்கு வருகிறது. நாள் முழுதும் உழைக்கும் குதிரை தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விசையோடு தொடர்ந்து இழுக்கும். 600 கிலோ எடையுள்ள விலங்கென்றால் 60 கிலோ. கெட்டியான சமதளச் சாலையில் வண்டியை நகர்த்த அதன் மொத்த எடையில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு விசை போதும். அதே வண்டி சேற்றில் புதைந்தால் பத்தில் ஒரு பங்கோ இன்னும் கூடுதலோ வேண்டும். அப்படியென்றால் ஒரே குதிரை, ஒரே பூட்டு, ஒரே வண்டி. நல்ல சாலையில் 1,800 கிலோ, சேற்றில் 600 கிலோ. தோள்வளையம் குதிரையின் ஆற்றலை மூன்று நான்கு மடங்காக்கியது என்று பழைய நூல்கள் சொல்லும் பெருக்கம் முழுவதையும் ஒரு மழை வந்து அடித்துக்கொண்டு போய்விடும். ரோமச் சட்டம் குளிர்காலத்துக்கு இரண்டு கோவேறு கழுதைகளைக் கூடுதலாகக் கேட்டதில் இந்த அறிவு அப்படியே பதிந்திருக்கிறது.

சரிவை எடுத்துக்கொண்டால் பின்வாரின் அருமை விளங்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு டன் வண்டி இறங்கும்போது புவியீர்ப்பு அதை 100 கிலோ விசையோடு முன்னே தள்ளுகிறது. சக்கரத்தின் உராய்வைக் கழித்தாலும் 65 கிலோவுக்கு மேல் குதிரையின் பின்னால் வந்து மோதும். அது, அந்தக் குதிரை நாள் முழுதும் இழுக்கக்கூடிய விசையைவிட அதிகம். நடுத்தண்டும் நுகமும் உள்ள இரட்டைப் பூட்டில் நுகமே அந்த மோதலை வாங்கித் தடுக்கும். ஒற்றைக் குதிரையை இரண்டு தண்டுகளுக்கு இடையே கட்டும்போது அந்த வசதி இல்லை. பின்தொடைகளைச் சுற்றிய வார் தண்டுகளோடு பிணைந்திருந்தால்தான் குதிரை உட்கார்ந்ததுபோல் பின்காலை ஊன்றி வண்டியைத் தடுக்க முடியும். தடுக்க முடியாத பாரத்தை யாரும் ஏற்ற மாட்டார்கள். எனவே மேடுபள்ளமான நாட்டில் ஒற்றைக் குதிரை வண்டியின் சுமையை, முன்னே இருக்கும் வளையத்தைவிடப் பின்னே இருக்கும் வார்தான் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது. படங்களைப் பார்த்து வரலாறு எழுதியவர்கள் குதிரையின் கழுத்தையே கவனித்தார்கள். பின்பக்கத்தை அதிகம் பேசவில்லை.

இரட்டைத் தண்டும் இடைக்காலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ரோமானியர் ஆண்ட கால் (Gaul) நாட்டுச் சிற்பங்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜார்ஜ் ராப்சாத் இதைப் பல சான்றுகளோடு காட்டியிருக்கிறார். 1958இல் பெல்ஜியத்தின் பூசெனோலில் கிடைத்த கற்சிற்பத்தில் ஒரு கதிர் அறுக்கும் பெட்டிவண்டி இருக்கிறது. மூத்த பிளினி குறிப்பிடும் அதே கருவி. அதில் விலங்கு வண்டிக்குப் பின்னால் இரண்டு தண்டுகளுக்கு இடையே நின்று வண்டியை முன்னே தள்ளுகிறது. இப்படிப் பூட்ட வேண்டுமானால் தண்டு, முதுகு வார், தள்ளும் விசையைத் தண்டுக்கு மாற்றும் ஏற்பாடு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். லாங்ர் நகரச் சிற்பத்தில் பெரிய மரப்பீப்பாய் ஏற்றிய நான்கு சக்கர வண்டி போகிறது. பீப்பாயின் அளவைப் பார்த்தாலே அது அரசு அஞ்சலின் வரம்புக்குள் அடங்கும் பாரம் இல்லை என்பது புரியும்.

இவ்வளவும் சரியென்றால் வளையம் எதற்காகப் பரவியது என்று கேட்பவருக்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். ஸ்ப்ருயித் வண்டியை இழுத்துப் பார்த்தார், ஏரை இழுத்துப் பார்க்கவில்லை; அவருடைய சோதனையின் எல்லை அதுதான். மார்புவார் விரைவான, இலேசான வண்டிக்கு ஏற்றது. இன்றும் அத்தகைய வண்டிகளுக்கு அதையே பூட்டுகிறார்கள். ஆனால் ஈரமண்ணில் கொழு புதைந்து நிற்கும்போது, குதிரை உடம்பின் முழுப் பாரத்தையும் முன்னே சாய்த்து மெதுவாக, விடாமல் தள்ள வேண்டும். அப்போது விசை ஒரு மெல்லிய வாரில் விழுந்தால் தோலை அறுக்கும். அகலமான, திணித்த வளையத்தில் விழுந்தால் இரண்டு தோள்பட்டைகளிலும் பரவும். வளைகட்டையில் இழுவார் பொருந்தும் இடம் இழுப்பின் கோணத்தையும் சரியாக வைக்கும். லெஃபெவ்ர் இதில் சரியாகத்தான் பார்த்தார். வளையம் அந்தந்தக் குதிரையின் கழுத்துக்குத் தைத்ததாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மூடிய வளையத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தலைவழியே நுழைத்துப் பிறகு திருப்பி அமர்த்துவார்கள். தலை அகலமாக இருக்குமிடமும் வளையம் அகலமாக இருக்குமிடமும் எதிரெதிர். அளவு தப்பினால் தோள் புண்ணாகி விலங்கு வாரக்கணக்கில் வேலைக்கு உதவாது. நல்ல வளையம் செய்யத் தேர்ந்த தோல்தொழிலாளி ஊரில் இருக்க வேண்டும். ஒரு கருவி பரவுவதற்கு அதைச் செய்பவரும் பரவ வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தப் பரவல் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதுதான் புரட்சிக் கதைக்கு எதிரான மிகப் பெரிய சான்று. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடநார்வேயிலிருந்து ஆங்கிலேய அரசர் ஆல்ஃபிரட்டின் அவைக்கு வந்த ஓட்டர், தன்னுடைய சிறு நிலத்தைக் குதிரையால் உழுவதாகச் சொன்னான். பதினொன்றாம் நூற்றாண்டின் பேயோ திரைச்சீலையின் விளிம்பில், வளையம் பூண்ட குதிரை பரம்பு இழுக்கிறது. கருவி கையில் வந்தாயிற்று. ஆனாலும் இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளை ஆராய்ந்து 1986இல் ஜான் லாங்டன் எழுதிய நூல், பிரபுக்களின் சொந்த நிலங்களில் 1300ஆம் ஆண்டை ஒட்டியும் மாடுகளே மிகுதியாக உழுதன என்று காட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய ஹென்லி ஊர் வால்டர் மாட்டையே பரிந்துரைத்தார்: குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும், லாடம் வேண்டும், மாடு கிழடானால் கொழுக்கவைத்து இறைச்சிக்கு விற்கலாம். குதிரையை விரும்பி ஏற்றவர்கள் குடியானவர்கள். அவர்களுடைய இழுவை விலங்குகளில் அந்நூற்றாண்டின் முடிவில் ஏறக்குறைய பாதி குதிரைகள் என்கிறார் லாங்டன். நாலு ஜோடி மாடு வைத்துக்கொள்ள வழியில்லாத ஒருவனுக்கு, காலையில் பரம்படித்து, மறுநாள் சந்தைக்குத் தானியம் ஏற்றிப்போய், அவசரத்துக்குச் சவாரியும் செய்யும் ஒற்றை விலங்கு தேவைப்பட்டது. அந்த ஒற்றை விலங்குக்குத்தான் வளையமும் இரட்டைத் தண்டும் பின்வாரும் ஆடும் குறுக்குக்கட்டையும் லாடமும் எல்லாம் ஒருசேர வேண்டியிருந்தன. சந்தைகள் பெருகிய நாட்டில் சரக்கு இழுப்பில் குதிரை முந்தியது, ஏரில் பின்தங்கியது. வளையமே காரணமென்றால், வளையம் மிகவும் பயன்படும் ஏரில்தான் அது முதலில் வென்றிருக்க வேண்டும்.

அடிமைமுறை பற்றிய பகுதியைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் லெஃபெவ்ருக்கு அதுவே முதன்மையானது. விலங்குகளின் விடுதலையால் மனிதர் விடுதலை பெற்றார்கள் என்ற எண்ணத்தில் ஓர் ஈரம் இருக்கிறது. அதனால்தான் அது பலரைக் கவர்ந்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளோக் 1930களிலேயே இந்தக் காரணகாரியத் தொடர்பை ஏற்க மறுத்தார், தேதிகளே அதற்கு இடம் தரவில்லை. வளையம் பூண்ட குதிரையைப் பேயோ திரைச்சீலையில் தைத்த அதே தலைமுறையில், 1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பு இங்கிலாந்தில் பதிவான குடிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரை அடிமை என்று எழுதியது. அதற்குப் பிறகான நூற்றாண்டுகளைப் பார்த்தால் வாதம் முற்றிலும் நிற்காது. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் வட அமெரிக்காவின் புகையிலைத் தோட்டங்களிலும் தோள்வளையம் இருந்தது, பின்வார் இருந்தது, தேர்ந்த தோல்தொழிலாளர்கள் இருந்தார்கள், குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அவற்றைப் பூண்டு உழைத்தன. அந்த விலங்குகளை ஓட்டியவர்கள் கடல் கடந்து பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களை அடிமைகளாக வைத்தது சொத்துச் சட்டமும் சாட்டையும் சர்க்கரையின் விலையும். குதிரையை எப்படிப் பூட்டினார்கள் என்பதற்கு அதில் பங்கே இல்லை.